பத்தரைக்கு முன்னால் போய்விடுங்கள்

ஜப்பானில் சாப்பாட்டுக்காகவே ஊர் விட்டு ஊர் போவதை யாரும் விநோதமாக நினைப்பதில்லை. ஹிரோஷிமாவுக்குப் போகிறேன் என்று சொன்னால் "ஒகொனொமியாகி சாப்பிடுவீர்கள்தானே" என்பார்கள். ஃபுகுவோகா என்றால் பன்றியெலும்புச் சாற்றில் போட்ட ராமென், சென்டாய் என்றால் சுட்ட மாட்டு நாக்கு. ஊர்ப் பெயரைச் சொன்னதும் உணவின் பெயர் வரும். அடுத்த மூச்சில் கடையின் பெயர் வரும். தொலைக்காட்சியைத் திருப்பினால் யாரோ ஒருவர் ஏதோ ஒரு சின்ன ஊரில் கிண்ணத்தைக் கையில் ஏந்திக்கொண்டு கண்ணை மூடி ரசித்துக்கொண்டிருப்பார். மதுரையிலிருந்து ஒசாகாவுக்குக் குடிவந்த எனக்கு இந்த நாட்டை முதலில் அறிமுகப்படுத்தியது இப்படிச் சொல்லப்பட்ட கடைகள்தான். ஆனால் சொல்பவர்கள் இத்தனை பேர் இருக்கும்போது யார் சொல்வதை நம்பி ரயில் ஏறுவது?

எனக்குப் பிடித்தது உடோன். வெள்ளைவெளேரென்று பென்சில் தடிமனில் இருக்கும் கோதுமை இழை. அதிலும் ஷிகோகு தீவின் ககாவா மாகாணத்தில், பழைய பெயரில் சனுகி நாட்டில், செய்யப்படும் உடோன். இழையைவிட அதன் சாறுதான் என்னை முதலில் பிடித்துக்கொண்டது. அந்தச் சாறு இரிகோ என்னும் உலர்ந்த சிறுமீனில் இறக்கப்படுகிறது. நம் நெத்திலியின் இனம். ககாவாவின் மேற்கே இருக்கும் இபுகி தீவில், கோடையில் பிடித்த மீனைக் கரையிலேயே உப்புநீரில் வேகவைத்து உடனே உலர்த்துகிறார்கள். வீட்டுச் சமையலில் இரிகோவின் தலையையும் குடலையும் கிள்ளி எறிந்துவிட்டுத்தான் ஊறப்போடுவார்கள், கசக்கும் என்று. எங்கள் அம்மா முறத்தை மடியில் வைத்துக்கொண்டு நெத்திலிக் கருவாட்டைக் கிள்ளுவது அப்படியேதான். ஊரை விட்டு இவ்வளவு தொலைவு வந்து இந்த வாசனை கிடைத்ததும் ககாவா எனக்கு அயலூராக இல்லாமல் போனது.

ஜப்பானின் மாகாணங்களில் பரப்பளவில் மிகச் சிறியது ககாவா. மழையும் குறைவு. அதனால் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குளங்களை வெட்டி வைத்திருக்கிறார்கள். அவற்றில் பெரியதான மன்னோ ஏரியின் உடைந்த கரையை 821-இல் துறவி கூக்காய் முன்னின்று சீர்செய்தார் என்பது வரலாறு. சீனா போய்த் திரும்பிய அவர்தான் உடோனையும் கொண்டுவந்தார் என்று ஊரார் சொல்வது கதை. நெல்லுக்குத் தண்ணீர் போதாத இடத்தில் அறுவடைக்குப் பின் கோதுமை விளைந்தது. கடற்கரையில் உப்பு, ஷோதோ தீவில் சோயா சாறு, இபுகியில் மீன். ஒரு கிண்ணத்துக்கு வேண்டியது எல்லாம் அக்கம்பக்கத்திலேயே இருந்தது. கண்மாய்ப் பாசனத்தில் வளர்ந்த ஊர்க்காரனுக்கு இந்தக் கணக்கு சுலபமாகப் புரிந்தது.

ஆனால் ஒசாகாவில் உடோனைப் பற்றிக் கேட்டால் பதில்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். ஒசாகாக்காரர்களுக்கு இழை மெத்தென்று இருக்க வேண்டும். கடற்பாசியும் மீன் சீவலும் போட்டு இறக்கிய சாற்றை உறிஞ்சிக்கொள்ள வேண்டும். அவர்களிடம் கேட்டால் சனுகி உடோன் தாடையை வலிக்க வைக்கும் என்பார்கள். ஃபுகுவோகாக்காரர்களுக்கும் மெத்தென்றுதான் வேண்டும். தோக்கியோவில் வளர்ந்தவர்களுக்குச் சாறு கருத்த நிறத்தில் சோயா மணக்க இருந்தால்தான் சாப்பிட்டது போல இருக்கும். ககாவாக்காரர்களோ இழை பல்லுக்கு எதிர்த்து நிற்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். நால்வரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் தான் வளர்ந்த வீட்டின் கிண்ணத்தை வைத்து அளக்கிறார்கள். ஆகவே ஒருவர் கடையின் பெயரைச் சொன்னதும் நான் கேட்கும் முதல் கேள்வி: "உங்களுக்கு எந்த ஊர்?"

மனிதர்களைக் கேட்க முடியாதபோது எண்கள் இருக்கின்றன. 2005-இல் தொடங்கிய தபெலாக் என்ற தளத்தைப் பார்த்துவிட்டு வெளியே சாப்பிடப் போகிறவர்கள் இந்நாட்டில் பலர். ஐந்துக்கு மதிப்பெண் போடுகிறார்கள். நம் பழக்கத்தில் 3.5 என்றால் சுமாரான கடை, இங்கே 3.5-ஐத் தாண்டினாலே நல்ல கடை என்று பொருள். போடப்படும் புள்ளிகளை வெறுமனே கூட்டிச் சராசரி எடுப்பதில்லை; எழுதுபவரின் அனுபவத்தைப் பொறுத்து அவர் புள்ளிக்கு எடை கூடும், குறையும். அந்தக் கணக்கின் முழு விவரம் வெளியில் சொல்லப்படுவதில்லை. சங்கிலிக் கடைகளின் மதிப்பெண் குறையும்படி கணக்கை மாற்றிவிட்டார்கள் என்று ஓர் இறைச்சி உணவக நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 2022-இல் தோக்கியோ மாவட்ட நீதிமன்றம் 3 கோடியே 84 லட்சம் யென் இழப்பீடு தரச் சொன்னது. 2024-இல் உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. புள்ளியில் ஒரு சிறு பின்னம் இறங்கினால் நீதிமன்றம் வரை போக வேண்டியிருக்கிறது என்றால், அந்த எண்ணில் எத்தனை பேர் பிழைப்பு தொங்குகிறது என்று புரிந்துகொள்ளலாம். எண்ணை நான் மதிக்கிறேன். அது மோசமான கடையிலிருந்து என்னைக் காப்பாற்றும். ஆனால் எனக்கு என்ன பிடிக்கும் என்று அதற்குத் தெரியாது.

அதைத் தெரிந்து சொன்னவர் என் அலுவலகத்தில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர். ககாவாவின் மருகமே நகரத்தில் பிறந்தவர். ஒரு விடுமுறைக்கு முன்னால் அவரிடம் போய் நின்றேன். கடைப் பெயரைச் சொல்லவே இல்லை, முதலில் என்னைக் கேள்வி கேட்டார். காரில் போகிறீர்களா, ரயிலிலா? காலையில் பசிக்குமா? கருவாட்டு வாசனை ஆகுமா? பிறகு ஒரு தாளை எடுத்து எழுதிக்கொண்டே சொன்னார்:

"முதல் கடைக்குப் பத்தரைக்கு முன்னால் போய்விடுங்கள். இழை தீர்ந்தால் கதவைச் சாத்திவிடுவார்கள். அங்கே குளிர்ந்த உடோன்தான் சாப்பிட வேண்டும், சூடானது வேண்டாம். சூடானதற்கு இரண்டாவது கடை. எங்கேயும் பெரிய கிண்ணம் கேட்காதீர்கள், சின்னதே போதும். அடுத்த கடைக்கும் வயிறு வேண்டும். மூன்றாவது கடையில் எனக்கு உடோன் பிடிக்காது, ஆனால் அங்கே பொரிக்கிற டெம்புராவுக்காகப் போவேன்."

அவர் சொன்ன முதல் இடம் கடை மாதிரியே இல்லை. வயல்களுக்கு நடுவே தகரக் கூரை போட்ட பட்டறை. மற்ற கடைகளுக்கு மொத்தமாக இழை போட்டுக் கொடுப்பதுதான் தொழில். வருகிறவர்களுக்கும் நாலு கிண்ணம் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான். கிண்ணத்தில் ஓர் உருண்டை இழையைப் போட்டு நீட்டினார்கள். சூடாக வேண்டுமென்பவர்கள் தாங்களே கொதிநீரில் முக்கி எடுக்கிறார்கள். வெங்காயத் தாளும் துருவிய இஞ்சியும் போட்டுக்கொண்டு, சாற்றையும் தாங்களே ஊற்றிக்கொள்கிறார்கள். ரப்பர் பூட்ஸ் போட்ட விவசாயி ஒருவர் நின்றபடியே உறிஞ்சி முடித்து, கிண்ணத்தைக் கழுவுமிடத்தில் வைத்துவிட்டு வயலுக்குத் திரும்பினார். நான் குளிர்ந்ததைச் சாப்பிட்டேன். குளிர்நீரில் அலசிய இழை வழுக்கிக்கொண்டு வந்து, கடிக்கும்போது ஒரு கணம் எதிர்த்து நின்று அறுந்தது. சூடாக்கியிருந்தால் அந்த எதிர்ப்பு தளர்ந்திருக்கும். பெரியவர் ஏன் "சூடானது வேண்டாம்" என்றார் என்பது முதல் வாயிலேயே விளங்கியது.

அன்றிலிருந்து பரிந்துரைகளை எடைபோட எனக்கு ஓர் அளவுகோல் கிடைத்தது. "பிரமாதம்", "தவறவிடாதீர்கள்" போன்ற சொற்களை ஒதுக்கிவிட்டு, அதில் நிபந்தனை இருக்கிறதா என்று பார்க்கிறேன். எத்தனை மணிக்கு, எந்தப் பருவத்தில், எந்த அளவில், எதைக் கேட்கக் கூடாது. பனிக்காலத்தில் ககாவாவுக்குப் போகிறவர்களிடம் உள்ளூர்க்காரர்கள் ஷிப்போகு கேட்கச் சொல்வார்கள். முள்ளங்கி, கேரட், சேப்பங்கிழங்கு வகைகளை வேகவைத்து உடோன் மேல் ஊற்றித் தருவது. கோடையில் அதைத் தேடி அலைந்து பயனில்லை. இப்படிச் சொல்லத் தெரிந்தவர் அந்தக் கடைக்குப் பல பருவங்களில் போயிருக்கிறார், சில நாள் சரியில்லாமல் திரும்பியும் இருக்கிறார். அந்த ஏமாற்றங்களையும் சேர்த்துத்தான் நமக்குத் தருகிறார். நிபந்தனையே இல்லாத புகழ்ச்சி பெரும்பாலும் ஒரே ஒரு முறை போனவருடையது.

ககாவாவின் பட்டறைகள் வெளியுலகுக்குத் தெரிய வந்ததும் ஒரு பரிந்துரையால்தான். தாவோ கசுதோஷி என்ற உள்ளூர்ப் பத்திரிகை ஆசிரியர், பெயர்ப் பலகைகூட இல்லாத இந்த இடங்களைத் தேடிப்பிடித்துச் சாகசக் கதை போல எழுதினார். 1990-களில் அவை புத்தகங்களாக வந்தன. ஓவியர் மிசுமாரு அன்சாயோடு எழுத்தாளர் ஹருகி முரகாமி இங்கே சுற்றி எழுதிய கட்டுரை, 1998-இல் வெளிவந்த அவருடைய பயணத் தொகுப்பில் இருக்கிறது. வாடிக்கையாளர்கள் பின்பக்கத் தோட்டத்தில் தாங்களே வெங்காயத் தாள் அறுத்துவந்த நகாமுரா கடை அதனால் நாடெங்கும் பெயர்பெற்றது. 2006-இல் மருகமேயில் பிறந்த இயக்குநர் மொதோஹிரோ கட்சுயுகி 'உடோன்' என்றே ஒரு படம் எடுத்தார். முதன்மைத் தீவான ஹொன்ஷூவையும் ஷிகோகுவையும் இணைக்கும் செத்தோ பெரும்பாலம் 1988-லேயே திறந்திருந்ததால் வருவதற்கு வழியும் இருந்தது. வயல் வேலைக்கு நடுவே ஓடிவந்து சாப்பிட்டுப் போகிறவர்களுக்காக இருந்த இடத்தில் வெளியூர் வாகனங்களின் வரிசை நின்றது. ஊருக்கு அது வாழ்வு கொடுத்தது, சந்தேகமில்லை. ஆனால் ஒரு கடையைப் பற்றி எழுதும் போதே அந்தக் கடையை மாற்றுகிறோம் என்ற பொறுப்பு எழுதுபவருக்கு வேண்டும். எப்போது போகக் கூடாது என்று சொல்வது கடைக்காரருக்கும் செய்கிற மரியாதை.

அந்தப் பொறுப்பை ஒரு தொழிலாகவே ஆக்கியிருக்கிறார்கள். கூரையில் உடோன் கிண்ணம் பொருத்திய டாக்சிகள் ககாவாவில் ஓடுகின்றன. அவற்றை ஓட்ட உரிமம் மட்டும் போதாது. ஓட்டுநர் எழுத்துத் தேர்வு எழுத வேண்டும், பயணிகளை அழைத்துச் சென்று காட்டும் தேர்வில் தேற வேண்டும், தன் கையால் மாவு பிசைந்து உடோன் போட்டும் காட்ட வேண்டும். கடை சொல்கிறவருக்குத் தேர்வு வைக்கும் ஊரை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

"உண்மையான உடோன் இங்கேதான்" என்ற பேச்சையும் நான் மெதுவாகவே ஏற்கிறேன். சனுகி உடோனுக்கான மாவில் பெரும்பங்கு ஆஸ்திரேலியக் கோதுமை. நிறமும் இழுவையும் கைக்கு வாகாக வருகிறது என்று கடைக்காரர்களே விரும்பி வாங்குகிறார்கள். உள்ளூர் மண்ணுக்கென்று 'சனுகியின் கனவு' என்ற பெயரில் ரகங்களை மாகாணம் உருவாக்கியது; அவற்றில் செய்கிற கடைகளும் உண்டு. இரண்டையும் சாப்பிட்டிருக்கிறேன், இரண்டும் சனுகி உடோன்தான். கடல் கடந்து வந்த கோதுமை இந்தத் தண்ணீரிலும் உப்பிலும் பிசையப்பட்டு இந்த ஊர்க்காரனாகிவிடுகிறது. அயலிலிருந்து வந்து வேர்விட்ட எனக்கு அதை மறுக்க மனம் வராது.

இப்போது என்னிடமும் கேட்கிறார்கள். புதிதாக ஒசாகா வந்த நம் பிள்ளைகள், "அண்ணா, நல்ல உடோன் கடை ஒண்ணு சொல்லுங்கண்ணா" என்று கூப்பிடுவார்கள். பெரியவர் என்னைக் கேட்டதைப் போலவே நானும் கேட்கிறேன். கூட யார் வருகிறார்கள்? அம்மா வந்திருக்கிறார், சைவம் என்றால் உடனே நிறுத்திவிடுவேன். கிண்ணத்தில் மீன் துண்டு ஒன்றும் கண்ணில் படாது, ஆனால் சாறே மீன். தொட்டுக்கொள்ளும் சாறும் அப்படித்தான். அவர்களைக் கோயாசான் மலைக்கு அனுப்புவேன், அதே கூக்காய் மடம் நிறுவிய இடம். அங்கே மடத்துச் சாப்பாட்டில் சாறு கடற்பாசியிலும் உலர்ந்த காளானிலும் இறங்குகிறது. எள்ளை அரைத்துக் கிளறிய வழவழப்பான கட்டி இருக்கும். "காரம் தேடாதீங்க அம்மா, உப்பும் கம்மிதான், மெதுவா சாப்பிடுங்க" என்று சொல்லித்தான் அனுப்புவேன்.

எதிர்த் திசையிலும் கேள்வி வரும். தென்னிந்தியச் சாப்பாட்டில் மனம் பறிகொடுத்த ஜப்பானியர்கள் இங்கே நிறைய உண்டு. வாழையிலையில் சாம்பாரையும் ரசத்தையும் சோற்றோடு எந்த வரிசையில் பிசைய வேண்டும் என்பதைக்கூடப் படித்துவைத்திருப்பார்கள். மதுரைக்குப் புறப்பட்ட தோழி ஒருத்தி என்னிடம் கடைகள் கேட்டாள். தாளை எடுத்து எழுதிக் கொடுத்தேன். இட்லி வந்ததும் ஆறுவதற்குள் சாப்பிட்டுவிடு, படம் எடுப்பதைச் சட்னியோடு நிறுத்திக்கொள். விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா வெயில் நேரத்தில் குடி. கறிதோசை சிம்மக்கல்லில், வயிறு காலியாக இருக்கும்போது. மேலே ஆட்டுக்கறி இருக்கும், ஒன்றே போதும். பரோட்டாவுக்கு இரவு போ, சால்னாவை முதலில் விரல் நுனியில் தொட்டுப் பார், உனக்குக் காரம் தாங்காது. எழுதி முடித்தபோதுதான் தெரிந்தது, என் ஊரை நான் எவ்வளவு நுணுக்கமாக நேசிக்கிறேன் என்று. அவளுடைய நாட்டில் எனக்குக் கிடைத்த பாடத்தை அவளுக்கே திருப்பிக் கொடுக்க முடிந்ததில் பெரும் நிறைவு.

அயல் நாட்டில் வாழ்வதென்பது நாள்தோறும் பிறர் சொல்லை நம்பி நடப்பது. மருத்துவர், பள்ளிக்கூடம், வீடு, எல்லாவற்றுக்கும் யாரையாவது கேட்டுத்தான் ஆக வேண்டும். சாப்பாட்டில் பழகிய அளவுகோல் எனக்கு மற்றவற்றிலும் உதவியிருக்கிறது: என்னைப் பற்றி இரண்டு கேள்வி கேட்ட பிறகு பதில் சொல்பவரை நம்புகிறேன். உங்களிடமும் யாராவது கடை கேட்டு வருவார்கள். பெயரை மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். எந்த நேரத்தில் போக வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்று சொல்லுங்கள். அந்தக் கடை யாருக்குப் பிடிக்காது என்பதையும் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.