மஞ்சள் லேபிளும் மாயாவியும்

ஜூலை 14, திங்கள்

டல்லாஸில் வேலை பார்க்கும் அக்கா மகன் வந்திருக்கிறான். குலசாமி கும்பிட்டு, ஆடிப் பதினெட்டு முடிந்துதான் கிளம்புவானாம். பெட்டியைத் திறந்து எல்லோருக்கும் சாக்லேட்டும் சட்டையும் எடுத்துக் கொடுத்தவன், என்னிடம் மட்டும் துண்டில் சுற்றிய ஒரு பலகையை நீட்டினான். பிரித்தால் கெட்டிப் பிளாஸ்டிக் கூட்டுக்குள் ஒரு பேட்மேன் இதழ். மேலே மஞ்சள் லேபிள், அதில் 9.6 என்று ஓர் எண். அட்டையின் கீழ்மூலையில் ஓவியர் வெள்ளி மையில் போட்ட கையெழுத்து. பக்கத்திலேயே விரல் அகலத்துக்கு ஒரு வௌவால் முகம்.

“திறந்து படிக்கலாமாடா?”

“ஐயோ, திறந்தா லேபிளுக்கு மதிப்பே போயிரும் மாமா. கதை வேணும்னா போன்ல இருக்கு, தாரேன்.”

காட்டத்தான் கொண்டுவந்திருக்கிறான், கொடுக்க இல்லை.

ஜூலை 15, செவ்வாய்

இன்று என் உரக்கடையில் கூட்டமில்லை. மாப்பிள்ளை கல்லாப்பெட்டி பக்கத்தில் உட்கார்ந்து முழுக் கதையும் சொன்னான்.

அமெரிக்காவில் ஃப்ளோரிடா மாநிலம் சரசோட்டாவில் சிஜிசி என்றொரு நிறுவனம். 2000-ஆம் ஆண்டிலிருந்து காமிக்ஸுக்கு மார்க் போடுவதே தொழில். 0.5-இல் தொடங்கி 10 வரை. முதுகில் மடிப்பு, மூலையில் நசுங்கல், பின் துரு, தாளின் நிறம் எல்லாவற்றையும் பார்த்து எண் போடுகிறார்கள். தாள் வெள்ளையா, பழுப்பா என்பதையும் லேபிளில் எழுதிவிடுகிறார்கள். பிறகு கூட்டில் வைத்து மூடிவிட்டால் அவ்வளவுதான்.

லேபிளுக்கு நிறம் உண்டு. சாதாரணப் பிரதிக்கு நீலம். பழுது பார்த்த பிரதிக்கு ஊதா. மஞ்சள்தான் கையெழுத்துக்கு. ஓவியரோ எழுத்தாளரோ கையெழுத்துப் போடும்போது நிறுவனம் ஒப்புக்கொண்ட சாட்சி ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்திருக்க வேண்டும். சாட்சியில்லாமல் வாங்கிய கையெழுத்து உண்மையானதாகவே இருந்தாலும் வழக்கமாக மஞ்சள் கிடையாது. அட்டையில் யாரோ கிறுக்கியதாகக் கணக்கு வைத்து மார்க்கைக் குறைப்பார்கள், அல்லது குறையோடு கூடியது என்று பச்சை லேபிள் தருவார்கள்.

இதற்கென்றே அட்டையில் படம் இல்லாமல் வெள்ளையாக விட்ட பதிப்புகளும் வருகின்றனவாம். விழாவில் ஓவியர் முன்னால் வரிசையில் நின்று, காசு கொடுத்து, அந்த வெள்ளையில் படம் வரைந்து வாங்குகிறார்கள். ஒரே ஒரு பிரதிதான், உலகத்தில் வேறு இல்லை. விலை எகிறாமல் என்ன செய்யும்?

“அப்ப மோசடி கிடையாதா?” என்று கேட்டேன். இருக்கிறதாம். நல்ல மார்க் வாங்கிய கூட்டுக்குள் மட்டமான பிரதியை மாற்றி வைத்த விவகாரம் 2023 கடைசியில் வெளிவந்து, அந்த நிறுவனமே வழக்குப் போட வேண்டியதாயிற்று.

ஜூலை 17, வியாழன்

ஆடி முதல் தேதி. கண்மாய்க் கரையைத் தாண்டிச் சீமைக்கருவேலத்துக்குள் புகுந்து வருகிற காற்று வீட்டுக்குள் கரிசல் புழுதியைக் கொட்டுகிறது. பழைய காமிக்ஸ் வைத்த தகரப்பெட்டியை இறக்கு மாமா, பார்த்துவிடலாம் என்றான். இறக்கினோம்.

எங்கள் பக்கத்துக்கு ஒரு நல்லது உண்டு. ஈரம் குறைவு, அதனால் பூஞ்சை பிடிப்பதில்லை. கெட்டது வெயில். அந்தக் காலத்து காமிக்ஸ் எல்லாம் நியூஸ்பிரிண்ட். மரக்கூழில் இருக்கிற லிக்னின் வெளிச்சத்திலும் சூட்டிலும் மாறித் தாளைப் பழுப்பாக்கும். கூழிலிருக்கும் அமிலம் தாளை மொறுமொறுப்பாக்கிவிடும். மிச்சத்தைக் கரையானும் இராமபாணப் பூச்சியும் பார்த்துக்கொள்ளும். அம்மா போட்டு வைத்த வசம்புத் துண்டுகள் இன்னும் பெட்டியின் மூலையில் கிடக்கின்றன.

முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ், திகில், ராணி காமிக்ஸ், பூந்தளிர். இங்கிருந்து அருப்புக்கோட்டை, விருதுநகர் வழியாகப் போனால் சிவகாசி. முத்துவும் லயனும் எங்கள் மாவட்டத்துக்காரர்கள் அச்சடித்த புத்தகம் என்ற பெருமை சின்ன வயதிலேயே எங்களுக்கு உண்டு. முத்து காமிக்ஸை சௌந்தரபாண்டியன் 1972 ஜனவரியில் ‘இரும்புக்கை மாயாவி’யோடு தொடங்கினார். அவர் மகன் விஜயன் 1984 ஜூலையில் லயனைத் தொடங்கியபோது முதல் இதழ் ‘கத்தி முனையில் மாடஸ்டி’. அதே மாதம் தினத்தந்தி குழுமத்திலிருந்து ராணி காமிக்ஸும் ஜேம்ஸ்பாண்டோடு வந்தது. ஒரே மாதத்தில் இரண்டு. அந்த வருஷம் பள்ளிக்கூடத்தில் பாடம் படித்தவன் யார்?

ஜூலை 18, வெள்ளி

இன்று ஒரு பிரதியை மட்டும் எடுத்து வைத்து, சரசோட்டாக்காரர் கண்ணால் பார்த்தோம். பழைய மாயாவி ஒன்று, தனிப் புத்தகம் இல்லை. எட்டு இதழ்களைச் சேர்த்துப் பைண்டு செய்தது. அருப்புக்கோட்டையில் அப்போது இருந்த ஒரு வாடகை நூலகம் மூடப்பட்டபோது அண்ணன் வாங்கி வந்தது.

பைண்டர் மூன்று பக்கமும் ஓரத்தைச் சீவியிருக்கிறார். மேல்வரிசைக் கட்டங்களில் பலூன் எழுத்தின் தலை போய்விட்டது. ஊசியைக் குத்தித் தைத்ததில் உள்பக்கக் கட்டங்களில் கால்வாசி தையலுக்குள் போய்விட்டது. முதல் பக்கத்தில் நூலகத்தின் ஓவல் முத்திரை, ஊதா மை, எண் 214. அதற்குக் கீழே தேதிவாரியாக எடுத்துப் போனவர்களின் உறுப்பினர் எண்கள். ஒரு தீபாவளி வாரத்தில் மட்டும் தினமும் கைமாறியிருக்கிறது. நடுப்பக்கத்தில் மாயாவி மின்சாரம் பாய்ந்து மறைகிற கட்டம். இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் நிற்கிறது. அதன் மேல் யாரோ பென்சிலால் மூக்கு, மீசை, கண் போட்டு மறைந்த மனிதனை வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். கோடு ஒன்றும் மோசமில்லை.

மாப்பிள்ளை விரல்விட்டுச் சொன்னான்: “ஓரம் சீவுனதுக்கு ஊதா லேபிள். பக்கம் கிழிஞ்சதுக்குக் குறை. முத்திரைக்குக் குறை. பென்சில் கிறுக்கலுக்குக் குறை. தாள் மொறுமொறுப்புக்குப் பெரிய குறை. ஒன்னு தேறுனா அதிகம் மாமா.”

அமெரிக்காவில் பேர் தெரிந்த ஓவியர் வரைந்து கொடுத்தால் மஞ்சள் லேபிள், பேர் தெரியாத பையன் வரைந்தால் குறை. நியாயம்தான், விற்கிறவனுக்கு. இந்த ஒரு புத்தகத்தில் ஊர் எப்படிப் படித்தது என்கிற விவரம் முழுக்க இருக்கிறது. அதற்கு மார்க் போடும் இடம் அவர்கள் படிவத்தில் இல்லை.

ஜூலை 21, திங்கள்

மாயாவியிடம் கையெழுத்து வாங்குவதென்றால் யாரிடம் வாங்குவது? ராத்திரி இதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

இரும்புக்கை மாயாவி பிறந்தது லண்டனில், 1962-இல், ‘வேலியன்ட்’ என்ற வார இதழில். வரைந்தவர் பார்சிலோனாக்காரர் ஹெசூஸ் பிளாஸ்கோ. 1995-இல் இறந்துவிட்டார். ஆனால் அந்தக் காலத்து பிரிட்டிஷ் வார இதழ்களில் வரைந்தவர் பெயரையோ எழுதியவர் பெயரையோ போடும் வழக்கமே இல்லை. ஓவியர் மூலையில் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் வெள்ளை மை பூசி மறைத்துவிடுவார்கள். பேர் அழிந்த படம்தான் கப்பலேறிச் சிவகாசிக்கு வந்தது. நாங்கள் உயிரையே வைத்திருந்த மாயாவியை வரைந்தவர் பெயர் நாங்கள் மீசை முளைத்துப் பல வருஷம் கழித்துத்தான் காதில் விழுந்தது.

ஸ்பைடர் கதை இன்னும் விசேஷம். லயனில் வந்த அந்தக் குற்றச் சக்கரவர்த்தியின் கதைகளில் பலவற்றை எழுதியவர் ஜெர்ரி சீகல். ஜோ ஷூஸ்டரோடு சேர்ந்து சூப்பர்மேனைப் படைத்த அதே சீகல். 1938-இல் சூப்பர்மேனின் மொத்த உரிமையையும் இரண்டு பேரும் 130 டாலருக்கு எழுதிக் கொடுத்தார்கள். சூப்பர்மேன் முதன்முதலில் வந்த அந்த இதழின் ஒரு பிரதி, 8.5 மார்க் வாங்கியது, 2024 ஏப்ரலில் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. எழுதியவருக்கு 130-இல் பாதி, பிளாஸ்டிக் கூட்டுக்கு 60 லட்சம்! அறுபதுகளில் பிரிட்டிஷ் வார இதழுக்கு ஸ்பைடர் எழுதிக் கொடுத்த சீகலின் பெயர் எங்கள் புத்தகத்தில் எங்கும் கிடையாது.

நம்மூரிலும் பெயரோடு வந்தவர்கள் உண்டு. வாண்டுமாமா எழுத செல்லம் வரைந்த சித்திரக்கதைகளில் இருவரும் பெயரோடு நின்றார்கள். அது பத்திரிகை மரபு. இறக்குமதிக் கதைக்கு அந்த மரபு கிடைக்கவில்லை.

ஜூலை 26, சனி

சரக்கு விஷயமாகச் சிவகாசி போனேன். மாப்பிள்ளையும் வந்தான். ஆஃப்செட் வராத நாளிலிருந்து அச்சகத்தில் இருந்த ஒரு பெரியவரைப் பார்த்தோம். பேச்சு அட்டைப்படத்துக்குப் போனது.

உள்ளே இருப்பது வெளிநாட்டுப் படம், கறுப்பு வெள்ளை. ஆனால் அட்டை நம்முடையது. பிரஷ் பிடித்து, வண்ணம் குழைத்து இங்கேயே வரைந்தார்கள். லயன் அட்டைகளை வரைந்த மாலையப்பன் பெயரை ஆசிரியர் விஜயன் பல தடவை எழுதியிருப்பதால் வாசகருக்குத் தெரியும். மற்றவர்கள்? பெரியவர் இரண்டு மூன்று பேரைச் சொன்னார். ஒருவருக்கு இன்ஷியல் ஞாபகமில்லை. இன்னொருவர் எந்த அட்டை போட்டார் என்று தெரியவில்லை.

இதே வட்டாரத்தில் காலண்டருக்கு வேறு கதை. கோவில்பட்டி கொண்டையராஜு வரைந்த முருகனும் லட்சுமியும் அவர் கையெழுத்தோடுதான் சிவகாசி அச்சில் ஓடின. கையெழுத்து இருந்ததால் இன்று அவர் பெயரில் கண்காட்சியும் ஆய்வும் நடக்கின்றன. காமிக்ஸ் அட்டை வரைந்தவருக்கும் அதே கைத்திறன், அதே ஊர் அச்சு. மூலையில் பெயர் இல்லாததால் ஆளே இல்லாமல் போய்விட்டார்.

திரும்பும்போது மாப்பிள்ளை வெகுநேரம் பேசவில்லை. பந்தல்குடி தாண்டியதும், “மாமா, மஞ்சள் லேபிளுக்குச் சாட்சி வேணும்னு சொன்னேன்ல, இங்க அந்தச் சாட்சி அந்தத் தாத்தாதான்” என்றான். பையன் சரியாகப் பிடித்துவிட்டான்.

ஜூலை 30, புதன்

ஈரோட்டுக்குப் போகும் சேக்காளி போன் போட்டார். ஆகஸ்டில் அங்கே புத்தகத் திருவிழா. லயன், முத்து வாசகர்கள் கூடிக்கொள்வார்கள். ஆசிரியரிடம் கையெழுத்து வாங்குகிறவர்களும் உண்டு. சென்னையிலும் 2024-இலிருந்து காமிக் கான் நடக்கிறது. அங்கே இந்திய ஓவியர்களிடம் வரிசையில் நின்று படம் வாங்கலாம். ஆக, கையெழுத்து ஆசை நமக்கும் வந்துவிட்டது.

விலையும் வந்துவிட்டது. 2010-இல் லயன் ‘இரத்தப் படலம்’ 18 பாகத்தையும் ஒரே தடிப் புத்தகமாக 200 ரூபாய்க்குப் போட்டது. விற்றுத் தீர்ந்தபின் அதற்கு ஆயிரக்கணக்கில் கேட்டார்கள். 2018-இல் வண்ணத்தில் மறுபதிப்பு வந்தது. படிக்க நினைத்தவர்களுக்குப் புத்தகம் கிடைத்தது. பழசைத் தேடுகிறவர்கள் இன்னும் தேடுகிறார்கள். அதிலும் அர்த்தம் இருக்கிறது. மறுபதிப்பில் கதை வரும். அந்த மாதத்து ஆசிரியரின் ஹாட்லைன் பக்கமும், வாசகர் கடிதமும், ‘அடுத்த வெளியீடு’ விளம்பரமும் வருவதில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

நேற்று ஆடிப் பதினெட்டு. இன்று மாப்பிள்ளை கிளம்பினான். தேறுகிற நாலைந்து இதழ்களை மார்க்குக்கு அனுப்பட்டுமா என்று கடைசியாக ஒரு தடவை கேட்டான். வேண்டாம் என்றேன். கோபமில்லை. அவன் ஊரில் ஓவியருக்குப் பெயர் இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது, அதனால் சாட்சியும் லேபிளும் பொருந்துகின்றன. நம்மூரில் பெயரே இன்னும் எழுதப்படவில்லை. எழுதாத பெயருக்கு எங்கிருந்து லேபிள் ஒட்ட?

பதிலுக்கு அவன் ஒரு வேலை செய்துவிட்டுப் போயிருக்கிறான். ஒரு நோட்டில் புத்தகத்துக்கு ஒரு பக்கம்: இதழின் பெயர், மாதம், விலை, இல்லாத பக்கங்கள், முத்திரை, எழுத்து, பென்சில் படம், அட்டை வரைந்தவர் என்று யார் சொன்னது, எந்தத் தேதியில். எங்கள் சரசோட்டா இதுதான். புத்தகம் திறந்தே இருக்கும், கேட்டால் படிக்கவும் தருவேன்.

படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பரணில் பழைய காமிக்ஸ் கட்டு இருந்தால் எடைக்குப் போடாதீர்கள். செல்லோடேப் ஒட்டாதீர்கள், பசை தாளைத் தின்றுவிடும். பைண்டரிடம் கொடுக்காதீர்கள். துரு ஏறிய பின்னைக் கழற்றிவிட்டு வெள்ளை நூலால் கட்டி, வெயில் படாத அட்டைப்பெட்டியில் படுக்க வையுங்கள். வேண்டாமென்றால் வாசகர் ஒருவரிடம் கொடுங்கள், அல்லது பழைய தமிழ் அச்சைப் பாதுகாக்கும் சென்னை ரோஜா முத்தையா நூலகம் போன்ற இடத்தில் கேட்டுப் பாருங்கள். சிவகாசியில் அட்டைப்படம் வரைந்த யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், அவர் வரைந்த இதழைக் கையில் கொடுத்து உள்பக்கத்தில் பெயரையும் தேதியையும் எழுதி வாங்குங்கள். மார்க் குறைந்தால் குறையட்டும்.