சொன்னால் மட்டும் போதுமா?



கடல் விமானமா? "நம்ம சிலபஸ்லயே இல்லாத சமாச்சாரமாச்சே" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இது ஒரு பெட்ரோல் குழாயின் கதை. கொஞ்சம் என் கதையும்கூட!

ஷார்ட் 184. 1915இல் பிரிட்டனின் ஷார்ட் சகோதரர்கள் கம்பெனி உருவாக்கிய, இருவர் அமரும் விமானம். மரச்சட்டம், துணி, சக்கரத்துக்குப் பதில் மிதவைகள். இறக்கையை மடித்துக் கப்பலில் வைப்பார்கள். கிரேனில் கடலில் இறக்கினால் தண்ணீரிலிருந்தே கிளம்பும். 900க்கு மேல் செய்தார்கள்.

1916 மே 31. டென்மார்க் அருகே ஜட்லண்டில் பிரிட்டிஷ், ஜெர்மன் கடற்படைகள் மோதின. எங்கடீன் கப்பலிலிருந்து ரட்லண்ட் விமானத்தை ஓட்ட, ட்ரூவின் உளவு பார்த்தார். மேகம் தாழ்ந்திருந்ததால் சுமார் 1000 அடியில்தான் பறக்க முடிந்தது. கீழிருந்து குண்டுமழை! அதற்கு நடுவிலும் ஜெர்மன் கப்பல்கள் திசை திரும்புவதைப் பார்த்து வயர்லெஸ்சில் செய்தி அனுப்பினார்கள்.

திடீரென்று கார்புரேட்டருக்குப் போகும் பெட்ரோல் குழாய் உடைந்தது. ரட்லண்ட் கடலில் இறங்கி, ஒரு துண்டு ரப்பர் குழாயை மாட்டிச் சரிசெய்துவிட்டார். நம்ம ஒர்க்‌ஷாப் ஆள்தான் போங்கள்!

ஆனால் அனுப்பிய செய்தி? எங்கடீனுக்கு வந்தது. அங்கிருந்து தளபதி பீட்டியின் 'லயன்' கப்பலுக்குப் போய்ச் சேரவேயில்லை. உயிரைப் பணயம் வைத்தும் பலனில்லை.

படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. இன்பிளாண்ட் டிரெயினிங்கில் ஒருநாள், ஜெனரேட்டரின் ரேடியேட்டர் ஹோஸ் கசிவதைப் பார்த்தேன். வீட்டுக்குக் கிளம்பும் அவசரம். "அண்ணே, ஹோஸ் லீக் ஆகுதுண்ணே" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டேன். இன்ஜின் சத்தத்தில் ஆபரேட்டர் அண்ணன் காதில் அது விழவேயில்லை. மறுநாள் இன்ஜின் ஜாம்! மேலதிகாரியிடம் திட்டு வாங்கியது அவர். "நான் நேத்தே சொன்னேனே" என்று தப்பித்தது நான். அவர் கோபப்படவில்லை. "லாக் புக்குல ஒரு வரி எழுதியிருக்கலாமேடா தம்பி" என்றார். அவ்வளவுதான்.

ஜட்லண்டில் பறந்த அதே விமானத்தின் முன்பகுதி இங்கிலாந்தின் யோவில்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நாளை வேலைக்குப் போகும் நண்பர்களே! குழாயை ஒட்டத் தெரிந்தால் பாதி டெக்னீஷியன். சொன்னது போய்ச் சேர்ந்ததா என்று பார்த்தால்தான் முழு டெக்னீஷியன்.

அந்த அண்ணனிடம் நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. இந்த மலரில் ஒரு பிரதியை அவருக்கு அனுப்பப் போகிறேன். வந்து சேர்ந்ததா என்று போன் போட்டும் கேட்பேன்!

- மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்