ரிச்சர்ட்ஸ் டவுன் மழையில் ஒரு திறந்த கார்

பெங்களூருக்குப் பிழைப்பை நாடி வந்த நம்மவர், ஊரிலிருந்து உறவினர் வந்தால் லால்பாக்கையும் கப்பன் பூங்காவையும் அல்சூர் ஏரியையும் காட்டுவது வழக்கம். ரிச்சர்ட்ஸ் டவுனைக் காட்டவேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. அங்கே காணத்தக்கவை என்று பெயர் பெற்றவை அதிகம் இல்லை. ஓடு வேய்ந்த சில பழைய பங்களாக்கள், அவற்றினிடையே எழும்பிவரும் அடுக்கு வீடுகள், ஒரு பூங்கா, வீதியெங்கும் பெருமரங்கள், இவ்வளவே. ஆயினும் அவ்வீதிகளின் அருமையை அறிய விரும்புவோர் ஒரு மழை நாளில் வரவேண்டும். நாம் அதை அறிந்தது ஒரு பெரியவரின் மேற்கூரை மடங்கும் காரில் அமர்ந்து. அக்காரினால் நாம் அடைந்த வெட்கத்தையும் பெற்ற பாடத்தையும் சங்க அன்பர்களுக்குச் சொல்லவே இதனை எழுதுகிறோம்.

முதலில் இடத்தைப் பற்றிச் சில வார்த்தைகள். 1898-ஆம் ஆண்டு பெங்களூரில் பிளேக் நோய் பரவிப் பலரை மாய்த்தது. நெருக்கமான குடியிருப்புகளை விட்டு மக்கள் காற்றோட்டமான இடங்களில் வாழவேண்டும் என்ற எண்ணம் அதன் பிறகே வலுப்பட்டது. 1906-இல் பிரேசர் டவுனுக்கு அஸ்திவாரம் இடப்பட்டது. அதை அடுத்து ரயில்பாதைக்கு அப்பால் எழுந்தது ரிச்சர்ட்ஸ் டவுன். கண்டோன்மென்ட் பகுதியில் கலெக்டராயிருந்த எஃப். ஜே. ரிச்சர்ட்ஸ் என்பவரின் பெயரே இதற்கு இடப்பட்டது. 1918-இல் வெளிவந்த சேலம் ஜில்லா கெஜட்டியரைத் தொகுத்தவரும் இவரே என்பது நம்மவருக்கு மகிழ்ச்சி தரும் செய்தியாகும். அந்த ரயில்பாதையோ இவ்வூரினும் மூத்தது. ஜோலார்பேட்டையிலிருந்து கண்டோன்மென்டுக்கு 1864-இல் முதல் வண்டி வந்துவிட்டது.

இவ்வூர் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால், வேலூரிலிருந்தோ தர்மபுரியிலிருந்தோ வருகிறவர்க்கு இங்குள்ள மழை வேறு மழையாகவே தோன்றும். ஜூன் தொடங்கிச் சாரல். ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை மாலை நேரத்துப் பெருமழை. பிறகு வங்கக் கடலில் புயற்சின்னம் தோன்றும்போதெல்லாம் பகல் முழுதும் ஓயாத தூறலும் குளிரும். 1884 ஜனவரி 13-ஆம் தேதி இங்கே வெப்பம் 7.8 டிகிரி வரையில் இறங்கியதாகக் கணக்கு உண்டு. அவ்வளவு குளிர் இப்போது இல்லை. ஆயினும் மார்கழி விடியலில் தொப்பியும் கம்பளிச் சட்டையும் இல்லாமல் பால் வாங்கச் செல்ல இயலாது.

நாம் ரயில்வேயில் பார்சல் ஆபீஸ் குமாஸ்தா. எட்டு ஆண்டுகளாகப் பூங்காவுக்கு அருகே ஒரு பழைய பங்களாவின் பின்கட்டில் இரண்டு அறைகளில் குடும்பத்தோடு வசிக்கிறோம். வீட்டுக்குரியவர் சேலம் ஜில்லாக்காரர், எழுபத்தைந்து வயது கடந்தவர், மனைவியை இழந்தவர். அவருக்கு இரண்டு பெருமைகள். ஒன்று, தம் ஜில்லாவைப் பற்றிப் புத்தகம் எழுதியவரின் பெயர் கொண்ட ஊரில் தாம் குடியிருப்பது. மற்றொன்று, ஷெட்டில் நிற்கும் இரண்டே ஆசனம் கொண்ட சிவப்புக் கார்.

அந்தக் காரின் கதை ரயில்வேக்காரர் காதுக்கு இனிமையானது. ரயில் நிலையங்களிலும் தொழிற்சாலைகளிலும் பெட்டிகளை இழுத்து நிறுத்தும் சிறு டீசல் எஞ்சின்களைச் செய்யும் ஸான் என்ற கம்பெனி பெங்களூரில் உண்டு. 1990-களின் இறுதியில் அக்கம்பெனியார், பிரான்ஸ் தேசத்தார் வகுத்துக் கொடுத்த வடிவில், ரெனோ கம்பெனியின் 1149 சி.சி. எஞ்சினைப் பொருத்தி, ‘ஸான் ஸ்டார்ம்’ என்னும் திறந்த காரைக் கோவாவில் செய்து விற்றனர். ரயில் எஞ்சின் செய்யும் கைகள் புயல் என்று பெயரிட்டு ஒரு விளையாட்டுக் காரைச் செய்தன! அது மிகுதியாக விற்கவில்லை. இன்று புதிதாகக் கிடைப்பதும் இல்லை. ஆகவே கையிலிருக்கும் வண்டியைக் காப்பாற்றினாலன்றி வேறு வண்டிக்கு வழி இல்லை.

சென்ற ஆண்டு ஆகஸ்டில் பெரியவர் ஒரு கலியாணத்திற்காகச் சேலம் சென்று மூன்று வாரம் தங்கினார். புறப்படும்போது நம்மை அழைத்து, “தம்பி, வண்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று சாவியைக் கொடுத்தார். ஷெட்டின் ஓடு ஒழுகிக்கொண்டிருந்தது. நாம் மிகுந்த பொறுப்போடு ஒரு பெரிய பிளாஸ்டிக் தார்ப்பாயை வாங்கி, மழையில் நனைந்திருந்த வண்டியின் மேல் போர்த்தி, நான்கு புறமும் கயிற்றால் இறுகக் கட்டினோம். கைப்பிரேக்கையும் பலமாக இழுத்துவிட்டோம். ஒரு பொட்டுத் தண்ணீரும் இனி உள்ளே புகாது என்று நிம்மதியாக உறங்கினோம்.

பெரியவர் திரும்பிய அன்று தார்ப்பாயை அவிழ்த்தோம். உள்ளிருந்து வந்த நாற்றம் இன்னும் மறக்கவில்லை. ஆசனங்களில் சாம்பல் பூத்ததுபோல் பூஞ்சணம்; காலடிக் கம்பளத்தைப் பிழிந்தால் நீர்; பின் சக்கரங்கள் பிரேக்கோடு ஒட்டிக்கொண்டு அசைய மறுத்தன. அவருடைய மகளும் அன்று உடன் வந்திருந்தார். அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, “அப்பா, ஏற்கெனவே உங்களுக்கு இருமல். டிசம்பரில் வருவேன். அதற்குள் இது உலர்ந்து ஒழுங்காக ஓடாவிட்டால் விற்றுவிட வேண்டியதுதான்” என்று சொல்லிச் சென்றார்.

நாம் தலை குனிந்து நின்றோம். பெரியவர் கோபித்துக்கொள்ளவில்லை. “தம்பி, உங்கள் பார்சல் ஆபீஸில் ஈர மூட்டையைத் தார்ப்பாயால் மூடினால் என்ன ஆகும்?” என்று மட்டும் கேட்டார்.

புழுங்கி நாறும் என்பதை நாம் அறிவோம். அதனைத் தினமும் பிறருக்குச் சொல்கிறவர்களும் நாமே. ஆபீஸில் தெரிந்த அறிவு ஷெட்டுக்குள் நம்மோடு வரவில்லை.

அன்று தொடங்கி ஞாயிறுதோறும் அவரிடம் பாடம் கேட்டோம். அவர் கற்பித்த முதல் பாடம் இது: திறந்த காருக்குள் தண்ணீர் வரத்தான் செய்யும். துணியும் ரப்பரும் சேருமிடங்களில் ஒரு துளியும் புகாமல் தடுக்க எவராலும் இயலாது. அதைச் செய்தவர்கள் அதற்கெனக் கதவின் அடியிலும், முன்கண்ணாடியின் கீழும், கூரை மடியும் பள்ளத்திலும் சிறு துளைகள் வைத்திருப்பார்கள். வந்த நீர் அவ்வழியே போய்விட்டால் வண்டிக்குத் தீங்கில்லை. நம் வண்டியில் தூங்குமூஞ்சி மரத்தின் பொடி இலைகள் அத்துளைகளை அடைத்திருந்தன. கூரிய கம்பியால் குத்தினால் உட்குழாய் கிழியும். ஆகவே தடித்த நைலான் நரம்பினால் மெல்லத் துழாவி, ஒரு சொம்பு நீரைச் சிறிது சிறிதாக ஊற்றிப் பார்த்தோம். கறுத்த சேறும் இலையும் முதலில் வந்தன. பிறகு தெளிந்த நீர் தரையில் சொட்டியதைக் கண்டபோது, அடைபட்ட வாய்க்காலைத் திறந்துவிட்ட குடியானவனின் மகிழ்ச்சி நமக்கு உண்டாயிற்று.

இந்தக் காரின் உடல் கண்ணாடி நாரினால் ஆனது, துருப்பிடிக்காது. அதை நம்பி ஏமாறலாகாது. அடியிலுள்ள இரும்புச் சட்டமும், கீல்களும், ஆணிகளும் துருப்பிடிக்கவே செய்யும். மழையிற் சென்று வந்தால் அடிப்பாகத்துச் சேற்றை நல்ல நீரால் கழுவி, காற்றாட நிறுத்தவேண்டும். இங்கிலாந்தில் மார்கன் கம்பெனியார் இன்றும் ஆஷ் மரச் சட்டம் வைத்துத் திறந்த கார் செய்கிறார்கள். மழைக்குப் பேர்போன நாட்டில் மரம் நிலைப்பதென்றால், அங்கும் ஈரம் தங்காமல் பார்த்துக்கொள்வதே காரணமாயிருக்க வேண்டும் என்பார் பெரியவர்.

கம்பளத்தையும் அதன் கீழிருந்த மெத்தைத் துணியையும் கழற்றிப் பல நாள் வெயிலில் உலர்த்தினோம். மேலே உலர்ந்ததுபோல் தோன்றினாலும் அடித்துணி வாரக்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஆசனத்துப் பூஞ்சணத்தை ஈரத்துணியால் துடைத்து எடுத்தோம். ஒரு கூடையில் அடுப்புக்கரி போட்டு உள்ளே வைத்தோம். பிளாஸ்டிக் தார்ப்பாயை விலக்கி, காற்றுப் புகும் பருத்தித் துணியை உறையாகத் தைத்தோம். ஷெட்டின் ஓட்டையும் மாற்றினோம். கைப்பிரேக்கை இழுத்து நிறுத்தும் வழக்கத்தை மழைக்காலத்தில் விட்டோம். சமதரையில் கியரில் நிறுத்திச் சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பதே போதும்.

துணிக்கூரையைப் பற்றி அவர் சொன்னவை தனியே குறிப்பிடத் தக்கவை. ஈரக் கூரையை மடிக்கலாகாது. மடிப்பில் பூஞ்சணம் பிடிக்கும். எங்கள் வண்டிக்கு உள்ளூர்த் தையற்காரர் தைத்த கூரையில் பின்புறம் கண்ணாடிக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் தகடு உள்ளது. குளிரில் அது விறைத்திருக்கும். அப்போது மடித்தால் வெடிக்கும். சிறிது நேரம் வெயில் பட்ட பின்பே மடிக்கவேண்டும். அதை உலர்ந்த துணியால் துடைத்தால் தூசியே கீறிவிடும். நீர் ஊற்றிக் கழுவிய பின்பே துடைக்கவேண்டும். கதவோரத்து ரப்பருக்கு எஞ்சின் எண்ணெய் தடவினால் உப்பிக் கெடும். அதற்கென விற்கும் சிலிக்கோன் பூச்சையே பூசவேண்டும்.

டிசம்பர் வந்தது. மகள் வருவதாகச் சொல்லியிருந்த ஞாயிறும் வந்தது. வங்கக் கடலில் புயற்சின்னம் இருந்ததால் முந்தின இரவெல்லாம் மழை. விடியலில் பெரியவர் கம்பளிக் குல்லாயோடு வந்து நின்றார். “அல்சூர் வரை போய் வள்ளுவரைப் பார்த்துவிட்டு வரலாம், தம்பி. விற்பதாயிருந்தால் இதுவே கடைசிப் பிரயாணம்” என்றார்.

நாம் ஓட்ட, அவர் அருகில் அமர்ந்தார். புறப்படுமுன் முன்விளக்குகளை ஏற்றச் சொன்னார். தாழ்ந்த சிறு வண்டி பஸ் டிரைவர் கண்ணுக்கு எளிதில் தெரியாது. முன்கண்ணாடியில் மூச்சு ஆவி படிந்ததும் கையால் துடைக்கப் போனோம். தடுத்து, பக்கத்துக் கண்ணாடியை இரண்டு விரற்கடை இறக்கச் சொன்னார். வெளிக்காற்று புகுந்ததும் ஆவி விலகிற்று. பூங்காவைச் சுற்றிய வீதியில் உதிர்ந்த இலைகள் பாய் விரித்தாற்போல் கிடந்தன. ஈர இலை எண்ணெய் போல் வழுக்கும் என்பதால் அங்கே பிரேக்கை அழுத்தாமல், முன்னதாகவே வேகத்தைக் குறைத்து மெல்லச் சென்றோம். தலைக்கு மேலே துணிக்கூரையில் மழை தாளமிட்டது. இரும்புக்கூரைக் காரில் இவ்வொலி கேட்பதில்லை. பழைய பங்களாக்களின் ஓடுகளும், நனைந்த மரங்களின் கரிய உடலும், எங்கோ கூவிய ரயிலும் அன்று நமக்கு மிக நெருங்கி வந்தன.

அல்சூர் ஏரியருகே திருவள்ளுவர் சிலை மழையில் நனைந்து நின்றது. பல ஆண்டுகள் மூடிக் கிடந்து, 2009 ஆகஸ்ட் 9-ஆம் தேதி திறக்கப்பட்ட சிலை அது. பெரியவர் வண்டிக்குள்ளிருந்தே கைகூப்பினார். “மூடி வைத்திருந்ததைத் திறந்துவிட்டார்கள். காற்றும் மழையும் படுகின்றன. ஒன்றும் கெட்டுப்போகவில்லை பாருங்கள்” என்று சொல்லிச் சிரித்தார்.

திரும்பும்போது மழை வலுத்தது. ரயில்பாதைக்கு அடியிற் செல்லும் பாலத்தில் நீர் தேங்கிவிட்டது. ஒரு பஸ் அலையெழுப்பிக்கொண்டு கடந்தது. நடுவே ஒரு ஸ்கூட்டர் நின்றுபோயிருந்தது. மகள் வந்து காத்திருப்பாளே என்று பெரியவர் தவித்தார். “மெல்லப் போய்விடலாம், தம்பி” என்றார். அவர் கற்பித்த பாடத்தையே அவருக்குச் சொன்னோம். எஞ்சின் காற்றிழுக்கும் வாய்வழி நீர் புகுந்தால், காற்றுப்போல் நீர் அமுங்காது. உள்ளிருக்கும் தண்டுகளே வளையும். நீரில் நின்ற எஞ்சினை மறுபடி முடுக்குவது அதனினும் கேடு. பெரியவர் பேசாமல் இருந்தார். பிறகு தலையசைத்தார். ஒரு டீக்கடை ஓரத்தில் முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். நீர் வடியக் காணாமையால் சுற்றுவழியாகவே வீடு சேர்ந்தோம். வழியில் சிறு தேக்கங்களைக் கடந்தபின், பிரேக்கை இலேசாக இரண்டு மூன்று முறை அழுத்தி ஈரம் போக்கிக்கொண்டோம்.

வாசலில் மகள் நின்றிருந்தார். ஒன்றும் பேசாமல் கதவைத் திறந்து, குனிந்து, கம்பளத்தைத் தூக்கி அடித்துணியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். கதவின் அடித்துளையிலிருந்து மழைநீர் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்துகொண்டிருந்தது. அவர் கை உலர்ந்தே இருந்தது. “சரி அப்பா, அடுத்த மழைக்காலம் வரை இருக்கட்டும். ஆனால் நீங்கள் ஓட்டக்கூடாது, இவர்தான் ஓட்டவேண்டும்” என்றார். பெரியவர் நம்மைப் பார்த்த பார்வைக்கு விலை இல்லை.

திறந்த கார் வைத்திருக்கும் அன்பர் நம் சங்கத்தில் மிகச் சிலரே. ஆயினும் ஸ்கூட்டரும், பழைய வீடும், ஊரிலிருந்து கொண்டுவந்த மரப்பெட்டியும் இல்லாதவர் யார்? அடுத்த மழைக்கு முன் அவற்றை மூடுவதற்கு விரையுமுன், நீர் போக வழியும் காற்று வர இடமும் உண்டா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். ரிச்சர்ட்ஸ் டவுனுக்கும் ஒரு மழை நாளில் வாருங்கள். பூங்கா ஓரத்தில் ஒரு சிவப்புக் கார் மெல்லச் சென்றால், உள்ளிருப்பது நாமே.