பாடாதே என்றேன்!

தம்பி,

சென்ற வாரம் ஒரு மாலைப்பொழுதில் என் இல்லம் வந்தாய். இசைத்தட்டு சுழன்றுகொண்டிருந்தது. மூதாட்டி ஒருவரின் குரல். அக்குரலோடு கைகோத்து நடந்துவரும் கிதார். சிறிது நேரம் செவிமடுத்தாய். "என்ன பாட்டு, அண்ணா?" என்றாய். "அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டு, நூறாண்டுக்கு முந்தியது" என்றேன். உன் புருவம் நெரிந்தது. "பழையதைத் தோண்டி எடுத்துப் பல்லக்கில் ஏற்றுவது பிற்போக்காளர் செயலன்றோ! தாங்களுமா?" என்று கேட்டாய்.

சிரித்து மழுப்பினேன். விடை தெரியாமல் அன்று, தம்பி! விடை கூறத் தொடங்கினால் என் குற்றம் ஒன்றையும் கூறியாக வேண்டுமே என்ற தயக்கம். இன்று இரண்டையும் எழுதிவிடுகிறேன்.

நீ கேட்ட குரலுக்குரியவர் எலிசபெத் காட்டன். 1893-இல் வட கரோலினா மாநிலத்தில், கறுப்பின ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். சிறுமியாக இருக்கும்போதே பிறர் வீட்டில் வேலை செய்து, சேர்த்த காசில் கிதார் வாங்கினார். இடக்கைப் பழக்கம் உடையவர். கற்றுக்கொடுக்க ஆசானா இருந்தான்? கருவியை இடம் வலமாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, தமக்கென ஒரு முறையைத் தாமே வகுத்துக்கொண்டார். பிறர் கட்டைவிரலால் மீட்டும் தந்தியை அவர் மற்ற விரல்களால் மீட்டினார். பிறர் விரல்களால் இசைக்கும் மெட்டை அவர் கட்டைவிரல் இசைத்தது! பன்னிரண்டு வயதளவில், வீட்டருகே ஓடிய சரக்கு இரயிலை எண்ணி 'ஃபிரைட் டிரெய்ன்' என்ற பாட்டைக் கட்டினார்.

பிறகு? திருச்சபைப் பெரியவர்கள் குறுக்கிட்டனர். உலகியல் பாட்டு உனக்கு ஆகாது, விட்டுவிடு என்றனர். விட்டுவிட்டார். பல பத்தாண்டுகள் அந்த விரல்கள் பாத்திரம் துலக்கின, துணி துவைத்தன, பிறர் குழந்தைகளைச் சீராட்டின, தந்தியை மறந்தன.

1940-களில் வாஷிங்டன் நகரில் ஒரு பெரிய அங்காடியில் வேலை பார்த்தார். கூட்டத்தில் வழிதவறி நின்ற ஒரு சிறுமியைத் தாயிடம் சேர்த்தார். அந்தத் தாய், இசையமைப்பாளர் ரூத் கிராஃபோர்ட் சீகர்; தந்தை, இசையறிஞர் சார்லஸ் சீகர்; சிறுமி, பின்னாளில் பெயர் பெற்ற பாடகி பெகி சீகர். அவர்கள் இல்லத்திலேயே காட்டனுக்கு வேலை கிடைத்தது. நாட்டுப்புறப் பாட்டுகளைத் தேடித் தேடி ஏட்டில் எழுதி வந்த இல்லம் அது. சுவரில் கிதார் தொங்கிற்று. ஒருநாள் அதை எடுத்து மீட்டினார் அந்த ஏவற்பெண். வீட்டுப் பிள்ளைகள் திகைத்து நின்றனர். அவர்கள் ஊரெல்லாம் தேடிய இசை, அவர்கள் வீட்டு அடுப்பங்கரையிலேயே இருந்தது!

மைக் சீகர் அந்த இசையைப் பதிவு செய்தார். 1958-இல் ஃபோக்வேஸ் நிறுவனம் அதை இசைத்தட்டாக வெளியிட்டது. அறுபது வயதைக் கடந்தபின் மேடையேறினார் காட்டன்.

இதோடு கதை இனிதே முடிந்தது என்று எண்ணிவிடாதே. அதற்கு முன்பே பெகி வாயிலாக அந்தப் பாட்டு இங்கிலாந்து சென்றிருந்தது. அங்கே இருவர் அதைத் தம் பெயரில் பதிவு செய்துகொண்டனர். 1957-இல் அது அந்நாட்டில் புகழ்க்கொடி நாட்டியது. பாட்டைப் பெற்றவளோ பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள்! தன் பிள்ளையைத் தன் பிள்ளை என்று மெய்ப்பிக்க அவர் பக்கம் நின்றோர் போராட வேண்டியிருந்தது. உரிமை மீண்டது, 1985-இல், தொண்ணூறைத் தாண்டிய வயதில், அவருக்கு கிராமி விருதும் கிடைத்தது.

தம்பி, இந்த வரலாற்றை முதன்முறை படித்த இரவில் எனக்கு உறக்கம் வரவில்லை. என் அப்பாயி நினைவுக்கு வந்தாள்.

அப்பாயி நடவு வயலில் பாடுவாள். மாலையில் திண்ணையிலும் பாடுவாள். பாட்டின் தொடக்கத்தில் ஊர்த் தெய்வத்தின் பெயர் வரும். எனக்கு வயது பதினாறு. முதன்முதலாகச் சீர்திருத்தக் கூட்டம் ஒன்று கேட்டுத் திரும்பிய சூடு. "இந்த மூடப் பாட்டைப் பாடாதே!" என்றேன், நாலு பேர் எதிரில். ஏறிட்டுப் பார்த்தாள். வாதாடவில்லை. நிறுத்திக்கொண்டாள். என் காதுபட அவள் பிறகு பாடியதே இல்லை. அவள் மறைந்து ஆண்டுகள் பல ஆயின. அந்தப் பாட்டில் எனக்கு எஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று: மரக்காலைக் குறைத்து அளந்து கூலியைத் திருடியவனைப் பற்றிய ஏளனம். அதிலும் பொருள் மட்டுமே நினைவில் உண்டு. சொல் இல்லை, மெட்டு இல்லை. முதல் அடிக்காக முழுப் பாட்டையும் கொன்றவன் நான்!

கரோலினாவில் பக்தியின் பேரால் செய்ததை, என் வீட்டுத் திண்ணையில் பகுத்தறிவின் பேரால் நான் செய்தேன். இரண்டு இடத்திலும் அடைபட்டது உழைக்கும் பெண்ணின் வாய். ஆராயாமல் ஏற்பது அறிவீனம் என்று முழங்கினேனே, ஆராயாமல் எறிவது மட்டும் அறிவுடைமை ஆகுமா?

நான் செய்திருக்க வேண்டியது என்ன? அதையும் அந்நாட்டுத் தொழிலாளரிடமே கற்றேன். 'வீ ஷல் ஓவர்கம்' என்ற பாட்டை நீ கேட்டிருப்பாய். கறுப்பின மக்களின் தேவாலயப் பாட்டில் வேர்கொண்டது அது. 1945-46-இல் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரப் புகையிலைத் தொழிலாளர்கள் — பெரும்பாலோர் கறுப்பினப் பெண்கள் — வேலைநிறுத்தம் செய்தபோது, மறியல் வரிசையில் நின்று அதைப் பாடினர். தேவாலயத்திலிருந்து வந்தது என்று தள்ளிவிடவில்லை. வந்தபடியே வைத்துக்கொள்ளவும் இல்லை. 'நான்' இருந்த இடத்தில் 'நாம்' வைத்தனர். ஒரு சொல்தான் மாறிற்று. தனியொருவரின் வேண்டுதல், ஒரு வர்க்கத்தின் சூளுரை ஆகிவிட்டது!

டென்னசியில் தொழிலாளருக்கும் உழவருக்கும் பயிற்சி தந்த ஹைலாண்டர் பள்ளியில் சில்ஃபியா ஹார்ட்டன் அதைக் கற்றார். அவரிடம் சார்லஸ் சீகரின் மூத்த தாரத்து மகன் பீட் சீகர் கற்றார். 1959-இல் அப்பள்ளியைக் காவலர் சூழ்ந்து, விளக்கணைந்த இருட்டில் சோதனையிட்டபோது, ஜமீலா ஜோன்ஸ் என்ற பள்ளிச் சிறுமி, நாங்கள் அஞ்சவில்லை என்னும் பொருளில் புதிய அடி ஒன்றைச் சேர்த்துப் பாடினாள். 1960 ஏப்ரலில், ராலே நகரில் திரண்ட மாணவர் கூட்டத்தில் கை காரவன் அதைப் பாட, மாணவர் இயக்கத்தின் கீதமாயிற்று. 1965 மார்ச்சில், வாக்குரிமைக்காக நாடாளுமன்றத்தில் பேசிய குடியரசுத் தலைவர் ஜான்சன் அந்தச் சொற்களையே எடுத்தாண்டார். பதிப்புரிமை வருவாய் தென்மாநிலக் கறுப்பின மக்களின் பணிக்கென ஒதுக்கப்பட்டது. 2018-இல், வழக்கொன்று உடன்பாட்டில் முடிந்தபின், அது எவருக்கும் தனியுடைமை அல்லாத பொதுவுடைமையாயிற்று.

பழமையைப் பல்லக்கில் ஏற்றியோர் அங்கும் இல்லாமலில்லை. 1965 சூலை 25-இல், நியூபோர்ட் விழாவில் பாப் டிலன் மின்கிதாரை எடுத்ததும் கூட்டத்தில் ஒரு பகுதியினர் கூச்சலிட்டனர். உழைத்தவர் ஓட்டாண்டியாக, ஊரார் பொருளீட்டியதும் உண்டு. சிறைச்சாலையில் கண்டெடுக்கப்பட்ட பெரும் பாடகர் லெட்பெல்லி 1949 டிசம்பரில் வறியவராகவே மாண்டார். அவர் பாடிப் பரப்பிய 'குட்நைட் ஐரீன்', 1950-இல் வீவர்ஸ் குழுவினர் பாடியபோது 13 வாரம் முதலிடத்தில் வீற்றிருந்தது!

அந்த வீவர்ஸ் குழுவில் ஒருவரான பீட் சீகரையும் அதிகாரம் விட்டுவைக்கவில்லை. 1955-இல் நாடாளுமன்றக் குழு அவரை அழைத்து, யாருக்காகப் பாடினாய், யார் யார் உடனிருந்தனர் என்று துருவிற்று. என் கருத்தும் என் தோழமையும் என் சொந்தம் என்று விடையளிக்க மறுத்தார். 1961-இல் ஓராண்டுச் சிறைத்தண்டனை விதித்தனர். 1962-இல் மேல்நீதிமன்றம் அதைத் தள்ளிற்று. பெரிய தொலைக்காட்சி நிலையங்கள் 1967 வரை அவருக்குக் கதவடைத்தன. அவர் என்ன செய்தார்? கல்லூரி கல்லூரியாக, பள்ளி பள்ளியாக, முகாம் முகாமாகச் சென்று, தாம் பாடுவதோடு நில்லாமல், கேட்க வந்தோரையும் பாடவைத்தார். தடை போட்டவர்களே விதை தூவியவர்கள் ஆயினர்!

இந்த இசை ஏன் இன்னும் நிலைக்கிறது என்பதற்கு என் விடை இதுதான், தம்பி. பழையது என்பதால் அன்று. முடிவு பெறாதது என்பதால். புகையிலை ஆலைப் பெண் ஒரு சொல்லை மாற்றலாம். பள்ளிச் சிறுமி ஓர் அடியைச் சேர்க்கலாம். யாருடைய வாயைத் திறக்கிறது, யாரை நிமிர வைக்கிறது என்பதே பாட்டுக்கு உரைகல். தாழ்ந்து பணியச் சொல்லும் பாட்டு எத்தனை பழையதானாலும் எனக்கு வேண்டாம்.

உன் இல்லத்திலும் முதியவர் ஒருவர் இருப்பார். வேலையினிடையே எதையோ முணுமுணுப்பார். அருகில் சென்று அமர். முதல் அடி உனக்கு உடன்பாடில்லாமற் போகலாம், முழுதும் கேள், எழுதிக்கொள். பாடியவர் பெயரை மேலே எழுது. பிறகு வாதாடு, வேண்டாததைச் சொல், மாற்று அடி ஒன்றை நீயே கட்டிக் காட்டு. ஒருவேளை, அதைவிடச் சிறந்த அடியை அவரே கட்டுவார்.

அப்பாயிக்கு அந்த வாய்ப்பை நான் தரவில்லை. நீ தந்துவிடு.