அணியத்தில் ஒருவர், அமரத்தில் ஒருவர்

கோலா தஹானில் ஒரு படகுக்கு இரண்டு ஆள். பின்னால், அமரத்தில், மோட்டாரைப் பிடித்தபடி படகோட்டி. முன்னால், அணியத்தில், நீளக் கழியோடும் துடுப்போடும் இன்னொருவர். நடுவில் ஒருவர் பின் ஒருவராகக் கால் நீட்டி உட்கார்ந்திருந்த நாங்கள் நாலு பேரும் சும்மா வந்தவர்கள். இந்த ஆற்றுக்கு வருகிறவர்கள் காட்டைப் பார்ப்பார்கள், மரத்தைப் பார்ப்பார்கள், அதிர்ஷ்டம் இருந்தால் ஓர் இருவாட்சியைப் பார்ப்பார்கள். நான் பெரும்பாலும் முன்னால் இருந்தவரின் முதுகைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். கொடுத்த காசுக்கு அதுவே அதிகம்.

கோலாலம்பூரின் பங்சார்க்காரர்களான எங்களுக்கு ஆறு என்றால் அப்துல்லா ஹுக்கும் பக்கம் சிமெண்டுக் கரைகளுக்கிடையே ஓடுகிற கிள்ளான் ஆறுதான். மேலே ரயிலில் போகிறவர் யாரும் அதை எட்டிப் பார்ப்பதில்லை. அங்கிருந்து காராக் நெடுஞ்சாலையைப் பிடித்து, தெமெர்லோ, ஜெராண்டுட் வழியாக நாலு மணி நேரம் ஓட்டினால் தெம்பெலிங் ஆற்றங்கரையில் சாலை முடிந்துவிடுகிறது. எதிர்க்கரையில் தாமான் நெகாரா, தேசியப் பூங்கா. அக்காள் குடும்பத்தோடு முதல் நாளே போய்த் தங்கிவிட்டோம். ஒரே நாளில் போய்த் திரும்புகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு ஆற்றை விட நெடுஞ்சாலைதான் அதிகம் நினைவிருக்கும்.

தாமான் நெகாரா 4,343 சதுர கிலோமீட்டர். பகாங், கிளந்தான், திரங்கானு மூன்று மாநிலங்களிலும் பரவிக் கிடக்கிறது. 1938–39இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் பெயரால் இதைப் பூங்காவாக அறிவித்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு இப்போதைய பெயர். பூங்கா வேண்டும் என்று பல ஆண்டுகள் விடாமல் வாதாடியவர் தியோடர் ஹுபாக். யானையும் காட்டெருதும் சுட்டுத் திரிந்து, அந்த வேட்டையைப் பற்றிப் புத்தகமும் எழுதியவர். துப்பாக்கியைக் கீழே வைத்தவர்தான் காட்டுக்கு நல்ல வக்கீலாக வாய்த்தார்.

தஹான் ஆறு தெம்பெலிங்கில் கலக்கும் இடத்திலிருந்து படகு கிளம்புகிறது. தெம்பெலிங் தே தாரேக் நிறம். தஹான் அப்படியல்ல, இலைச்சாறு ஊறிச் சிவந்திருந்தாலும் அடிக்கல் தெரியும் தெளிவு. இரண்டும் கொஞ்ச தூரம் ஒட்டாமல் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன.

ஏறும்போதே வேலை தொடங்கிவிடுகிறது. யார் எங்கே உட்கார வேண்டும் என்று படகோட்டிதான் முடிவு செய்கிறார். கனமான என் அத்தானை நடுவுக்குச் சற்றுப் பின்னால் வைத்தார்; அக்காள் மகனை முன்னால் நகர்த்தினார்; பையை இரண்டு தடவை இடம் மாற்றினார். ஆள் அகலமே உள்ள மரப்படகு. விளிம்புக்கும் தண்ணீருக்கும் ஒரு சாண் இருந்தால் அதிகம். முன்பக்கம் கனத்தால் மூக்கு மூழ்கும், பின்பக்கம் கனத்தால் மோட்டாரின் விசிறி கல்லில் இடிக்கும். எங்கள் எடையை அவர் யாரிடமும் கேட்கவில்லை. ஏறும்போது படகு எவ்வளவு அமிழ்ந்தது என்று பார்த்தார், அவ்வளவுதான்.

மேல்நோக்கிப் போகும்போது மோட்டார் இரைச்சலில் பேச்சு எடுபடாது. அதனால் அணியத்துக்காரரின் கைதான் பேசுகிறது. உள்ளங்கையை இடப்பக்கம் சாய்த்தால் படகு இடப்பக்கம் போகிறது. விரல்களை மடக்கி மேலே தூக்கினால், பின்னால் இருப்பவர் மோட்டாரை அப்படியே சாய்த்து விசிறியைத் தண்ணீருக்கு மேல் எடுத்துவிடுகிறார். படகு ஓடிவந்த வேகத்திலேயே மணல்திட்டு மீது வழுக்கிப் போகிறது. வேகம் போதாத இடத்தில் கழி இறங்குகிறது. கல்லிடுக்கில் ஊன்றி, மொத்த உடம்பையும் அதன் மேல் சாய்த்து, நீர் தள்ளுவதற்கு எதிராக ஓர் அடி, இன்னோர் அடி. அந்த நேரத்தில் கழி நழுவினால் படகு குறுக்கே திரும்பிவிடும்; குறுக்கே திரும்பிய படகில் தண்ணீர் ஏறும்.

எந்தப் பக்கம் ஆழம் என்று இவர்களுக்கு எப்படித் தெரிகிறது? வழியில் நின்றபோது படகோட்டியிடம் கேட்டேன். “தண்ணியே சொல்லும், அண்ணே” என்றார் மலாயில், அந்த ‘அண்ணே’யை மட்டும் தமிழில். பிறகு விரலால் காட்டினார். நீர்ப்பரப்பில் வழவழப்பான ஒரு நாக்கு கூர்மை கீழ்நோக்கி நீண்டிருந்தால் அது இரண்டு கற்களுக்கு நடுவே உள்ள வழி. கூர்மை மேல்நோக்கி இருந்தால் அதன் நுனியில் ஒரு கல் ஒளிந்திருக்கிறது. குறுக்கே சின்னச் சின்னச் சுருக்கமாக விழுந்தால் கூழாங்கல் மேடு. மேலே மலையில் ராத்திரி மழை பெய்திருந்தால் நேற்றைய வழி இன்றைக்குச் செல்லாது. தப்பினால் விசிறியைத் தண்டோடு பிணைக்கும் சின்ன ஊசி முறியும். அது முறிவதற்கென்றே வைத்த ஊசி. அது முறிந்தால்தான் இயந்திரம் பிழைக்கும். காலடியில் ஒரு பால் டின் நிறைய மாற்று ஊசிகள் வைத்திருந்தார். அன்றைக்கு ஒன்றுகூட எடுக்க வேண்டியிருக்கவில்லை.

“எங்க பழகினீங்க, அபாங்?”

“அப்பா கழிய கையில குடுத்து முன்னால உட்கார வெச்சாரு. பின்னால போய் மோட்டார் பிடிக்க ரொம்ப வருசம் ஆச்சு.”

பயணிகள் இல்லாத நாட்களில் பால்மரம் வெட்டுவாராம். என் பாட்டியும் பால்மரம் வெட்டியவர்தான், பங்சாரே ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம்தான் என்றேன். நம்பாத மாதிரிச் சிரித்தார். இப்போதைய பங்சாரின் காப்பி விலை தெரிந்தவர் போலும்.

படகு போய் நின்ற லாத்தா பெர்கோவில் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் பாறைகளில் சரிந்து விழும் அருவியும் அதன் கீழே குளிக்க ஒரு மடுவும். பிள்ளைகள் மிதவைச் சட்டையோடு தண்ணீரில் கிடந்தார்கள். நாங்கள் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்தோம். அருவி நன்றாகத்தான் இருந்தது.

திரும்பும்போது மோட்டாரை அணைக்க முடியுமா என்று கேட்டோம். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு சரி என்றார்கள். இரைச்சல் அடங்கியதும் காட்டின் சத்தம் நாலாபுறமும் வந்து மூடிக்கொண்டது. இரு கரையிலிருந்தும் நெராம் மரங்கள் ஆற்றின் மேல் சாய்ந்து, கிளை நிறையப் பெரணிகளோடு பந்தல் போட்டிருக்கின்றன. ஓர் உடும்பு கரையில் ஏறிப் போனது. ஆனால் இந்தச் சும்மா மிதப்பது பயணிக்குத்தான் சும்மா. நீரோடு நீராக அதே வேகத்தில் போகும் படகு சுக்கானுக்குக் கட்டுப்படாது. நீரை விட வேகமாகவோ மெதுவாகவோ போனால்தான் திருப்ப முடியும். எனவே அந்த நேரம் முழுக்க அணியத்துக்காரர் துடுப்பும் கழியுமாக ஓயவில்லை. சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. பின்னால் அத்தான் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

பாத்தேக் பூர்வகுடிகளின் குடியிருப்புக்கும் படகில் கூட்டிப்போவார்கள்; அங்கே ஊதுகுழலால் அம்பு எய்தும் தீ மூட்டியும் காட்டுவார்கள். நான் போகவில்லை. பிறர் வீட்டு முற்றத்தில் சீட்டு வாங்கி நிற்க மனம் ஒப்பவில்லை. அந்த வரும்படி அவர்களுக்கு வேண்டாம் என்று சொல்லவும் எனக்கு யோக்கியதை இல்லை.

முன்பெல்லாம் இங்கே வர படகை விட்டால் வழியில்லை. கோலா தெம்பெலிங்கிலிருந்து அறுபது கிலோமீட்டர் போல, மூன்று மணி நேரம் எதிர்நீரில். அரிசி, மண்ணெண்ணெய், வெள்ளைக்காரப் பயணி, பிரசவத்துக்குப் போகும் பெண் எல்லாம் படகில்தான். சாலை வந்ததும் நீண்ட ஓட்டம் தேய்ந்து, மிஞ்சியது இந்தக் குட்டிச் சுற்றுகள். ஊராருக்குச் சாலை வேண்டியதுதான். அதைக் குறை சொல்ல மாட்டேன். அதற்கும் முன்பே, 1970களில், தெம்பெலிங்கை அணைகட்டி மறிக்க ஒரு திட்டம் இருந்தது. கட்டியிருந்தால் பூங்காவின் ஒரு பகுதியும் கரையோரக் கம்போங்குகளும் நீருக்குள் போயிருக்கும். மலாயா இயற்கைச் சங்கமும், குர்மிட் சிங்கின் சுற்றுச்சூழல் சங்கமும், நம் எஸ்.எம். முகமது இத்ரிஸ் தலைமையில் பினாங்கில் இயங்கிய சஹாபாட் ஆலாம் மலேசியாவும் எதிர்த்து நின்றன. 1980களின் தொடக்கத்தில் திட்டம் கைவிடப்பட்டது. இன்றைக்கு எங்கள் படகுக்காரர் இருவருக்கும் பிழைப்பு இருப்பதில் அந்தச் சங்கங்களுக்கும் பங்கு உண்டு.

படகோட்டியின் மகன் ஷா ஆலாமில் தொழிற்சாலை வேலையில் இருக்கிறானாம். கழி பிடிக்கத் தெரியுமா என்று கேட்டேன். தெரியும், ஆனால் நவம்பரிலிருந்து மழைக்காலம் முடியும்வரை ஆற்றிலும் வேலை இருக்காது, பால்மரமும் வெட்ட முடியாது, மாதச் சம்பளம் வருகிற பிள்ளையைக் கூப்பிட மனம் வரவில்லை என்றார்.

கிள்ளான் பள்ளத்தாக்கிலிருந்து பள்ளி விடுமுறைக்கு அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு ஒன்று. நாங்கள் கொடுத்த கட்டணம் படகுக்குக் கணக்கு, ஆளுக்கல்ல. அதில் பெட்ரோலும் ஏற்பாட்டாளர் பங்கும் கழிந்தே படகோட்டிக்குப் போகிறது. அணியத்தில் கழி பிடிப்பவருக்குத் தனியாக, அவர் கையிலேயே, ஏதாவது கொடுங்கள்.