வேகவதிக்கும் பாலாற்றுக்கும் நடுவே

காஞ்சிபுரத்துக்கு வருகிறவர்கள் ஆற்றைப் பற்றி விசாரிப்பதில்லை. காலையில் சென்னையிலிருந்து புறப்பட்டு, ஏகாம்பரநாதர், காமாட்சி, வரதர் என்று மூன்று சன்னிதிகளைச் சேவித்து, காந்தி ரோட்டில் புடவை எடுத்துக்கொண்டு, இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடுகிறார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. காசி கங்கையைப் பார்த்துக்கொண்டு நிற்கிற ஊர். காஞ்சியிலோ ராஜவீதியில் நின்றாலும் கோபுர வாசலில் நின்றாலும் ஆறு கண்ணில் படாது. ஆனாலும் இது நீர்க்கரை ஊர்தான். வேகவதியைத் தாண்டித் திருப்பருத்திக்குன்றத்தில் குடியிருக்கிற எனக்கு அதில் சந்தேகமே இல்லை. எங்களுக்கு வடக்கே வேகவதி, தெற்கே பாலாறு. இரண்டும் கிழக்கே போய்த் திருமுக்கூடலில் செய்யாற்றோடு சேர்ந்துகொள்கின்றன.

வேகவதி இருக்கிற நிலையை உள்ளபடி சொல்லிவிட வேண்டும். வருஷத்தில் பெரும்பகுதி அது ஆறாக இருப்பதில்லை. சாக்கடை இறங்கித் தேங்கிய பள்ளங்கள், அவற்றின்மேல் ஆகாயத்தாமரை, கரை நெடுக வேலிக்காத்தான் முள். ஐப்பசி, கார்த்திகையில் மேற்கே தாமல் பக்கத்து ஏரிகள் நிரம்பிக் கலங்கல் வழிய ஆரம்பித்தால்தான் தண்ணீர் வரும். வந்த செய்தி அரை மணி நேரத்தில் ஊர் முழுக்கப் பரவிவிடும். "ஆத்துல தண்ணி வந்துட்சாம், வாங்கண்ணே பார்த்துட்டு வருவோம்" என்று பக்கத்து வீட்டுத் தம்பி தறியை விட்டு எழுந்து வருவான். பால் வாங்கப் போனவர்கள், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் எல்லோரும் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்கள். கலங்கிய செந்நிறத் தண்ணீர்தான், அழகு என்று சொல்ல அதில் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனாலும் அத்தனை முகங்களிலும் ஒரு தெளிச்சி. 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டுப் போனபோது செவிலிமேட்டுப் பக்கம் தேர்த்திருவிழாக் கூட்டம். குழந்தைகளைத் தோளில் தூக்கிவந்து காட்டினார்கள். மணலை மட்டுமே பாலாறு என்று அறிந்து வளர்ந்த ஒரு தலைமுறை அன்றைக்குத்தான் ஆற்றைப் பார்த்தது.

இந்தக் கரைக்கு வயது அதிகம். பல்லவன் சிம்மவர்மன் பருத்திக்குன்றில் இருந்த வச்சிரநந்தி என்னும் சமண ஆசிரியருக்கு ஓர் ஊரையே பள்ளிச்சந்தமாக, அதாவது சமணப் பள்ளிக்கு விடுகிற கொடையாக, கொடுத்ததைப் பள்ளன்கோயில் செப்பேடு சொல்கிறது. கைலாசநாதர் கோயில் எழுவதற்கும் முந்தைய காலம் அது. ஜினகாஞ்சி என்று பெயர் பெற்ற இடம். இங்கிருந்த சமண மடம் பிற்பாடு மேல்சித்தாமூருக்குப் போய்விட்டது. கோயில்கள் இரண்டும் இங்கேயே இருக்கின்றன. சிறியது சந்திரப்பிரபர் கோயில். பெரியது வர்த்தமானருக்கு உரிய திரைலோக்கியநாதர் கோயில். விஜயநகரத்துத் தளபதி இருகப்பர் 1387-88இல் இங்கே சங்கீத மண்டபம் கட்டினார். ஹம்பியில் கணிகித்தி கோயில் என்று இன்று சொல்கிற ஜினாலயத்தைக் கட்டியவரும் அவர்தான். துங்கபத்திரைக் கரையில் ஒன்று, வேகவதிக் கரையில் ஒன்று.

மண்டபத்துக்குள் போனால் கழுத்தை அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். விதானம் முழுக்க ஓவியம். ரிஷபநாதர், நேமிநாதர், வர்த்தமானர் கதைகள் பட்டை பட்டையாக ஓடுகின்றன. நேமிநாதருக்குக் கண்ணன் உறவுமுறை என்பதால் கண்ணன் கதையும் உண்டு. ஒவ்வொரு காட்சிக்கும் கீழே இன்னது நடக்கிறது என்று தமிழில் ஒரு வரி எழுதியிருக்கிறார்கள். சிவப்பும் மஞ்சளும் இன்னும் துலக்கமாக இருக்கின்றன. சில இடங்களில் சுண்ணாம்பு பெயர்ந்து பாதி முகம்தான் மிச்சம். இந்திரன், பிறந்த தீர்த்தங்கரக் குழந்தையை மேருமலைக்குக் கொண்டுபோய் நீராட்டுகிற காட்சியைத்தான் நான் எப்போதும் தேடிப் பார்ப்பேன். ஜைனக் கதைப்படி அந்த அபிஷேக நீரைத் தேவர்கள் பாற்கடலிலிருந்து குடம் குடமாகக் கைமாற்றிக் கொண்டுவருகிறார்கள். டி. என். ராமச்சந்திரன் 1934இல் இந்தக் கோயில்களுக்கென்றே சென்னை அருங்காட்சியக வெளியீடாக ஒரு நூல் எழுதினார். அதைப் படித்துவிட்டு வந்தால் ஒரு மண்டபத்திலேயே ஒரு நாள் போய்விடும். பின்னால் மேடை கட்டிய குரா மரம் இருக்கிறது. கூடாமலும் குறையாமலும் ஒரே அளவில் நிற்கிறது என்பது ஊர் நம்பிக்கை. வெயில் நேரத்தில் அதன் பக்கம் உட்கார்ந்திருப்பதைவிடச் சுகமான வேலை எனக்குத் தெரியவில்லை. வருகிறவர்கள் மத்தியானம் நடை சாத்தியிருக்கும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கிருந்து ஆற்றைத் தாண்டி ஊருக்குள் போனால் பிள்ளையார்பாளையம். நெசவாளர் தெருக்கள். வெயில் ஏறுமுன் போனால் தெரு நீளத்துக்குப் பட்டுப் பாவு இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, அறுந்த இழைகளைத் தேடிப் பிணைத்துக்கொண்டிருப்பார்கள். இழை அறுந்த இடம் நமக்குத் தெரியாது, அவர்கள் விரலுக்குத் தெரியும். சைக்கிளில் வருகிறவர் இறங்கி ஓரமாகத் தள்ளிக்கொண்டு போவார். அந்தத் தெருவில் பாவுக்குத்தான் முதல் மரியாதை. காஞ்சிப் பட்டின் மினுமினுப்புக்குப் பாலாற்றுத் தண்ணீரில் சாயம் தோய்ப்பதுதான் காரணம் என்று பெரியவர்கள் அடித்துச் சொல்வார்கள்.

அதே தண்ணீர்தான் மழைக்காலத்தில் வயிற்றிலும் அடிக்கிறது. இங்கே பல வீடுகளில் குழித்தறி. நெய்கிறவர் குழியில் காலைத் தொங்கவிட்டு மிதிபலகையை மிதிக்க வேண்டும். நாலு நாள் அடைமழை பெய்து நிலத்தடி நீர் ஏறினால், குழிக்குள் ஊற்று எடுத்துவிடும். சொம்பால் மொண்டு மொண்டு கொட்டுவார்கள், விடிந்தால் திரும்ப முழங்கால் அளவு நிற்கும். ஈரக்காற்றில் பாவும் சொன்னபடி கேட்காது. "மழை பெஞ்சாத்தாங்க ஊருக்கு நல்லது, எங்களுக்குத்தான் பத்து நாள் கூலி போச்சு" என்று ஓர் அக்கா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். ஆற்றில் தண்ணீர் வந்ததும் பார்க்க ஓடிவந்தவர்களில் அவரும் ஒருவர். நீர்க்கரையில் வாழ்வதன் இன்பத்தைப் பேசுகிறவர்கள் அந்தக் குழியையும் எட்டிப் பார்க்க வேண்டும்.

ஊருக்குள் இருக்கிற தண்ணீரையோ எழுதி மாளாது. இந்த ஊர்த் தெய்வங்களுக்கே தண்ணீரோடுதான் வழக்கு. பிரம்மாவின் வேள்வியை அழிக்கச் சரஸ்வதி வேகவதியாகப் பாய்ந்து வந்தாளாம். பெருமாள் குறுக்கே அணையாகப் படுத்துக்கொண்டார். அதுதான் திருவெஃகா. அந்தப் பெருமாளே பிறகொரு நாள், ஊரை விட்டு வெளியேறிய கணிகண்ணனுக்கும் திருமழிசை ஆழ்வாருக்கும் பின்னால் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு நடந்து, பாலாற்றுப் பக்கம் ஓரிருக்கையில் ஓர் இரவு தங்கிவிட்டு வந்தார். பொய்கையாழ்வார் பிறந்தது இங்கே ஒரு தாமரைக் குளத்தில். ஏகாம்பரநாதரோ, கம்பையாறு பெருகி வந்தபோது மணல் லிங்கம் கரையாமல் இருக்க அம்பாள் கட்டித் தழுவிக் காத்த சுவாமி. கச்சபேசுவரரைப் பெருமாள் ஆமையாக வந்து பூசித்தார். கார்த்திகைக் கடை ஞாயிறு அன்று அந்தக் கோயில் குளத்தில் முழுகி எழுந்து, மண்சட்டியில் மாவிளக்கு ஏற்றித் தலையில் சுமந்து ஆயிரக்கணக்கானவர்கள் பிராகாரம் சுற்றுவார்கள். அந்தக் காட்சிக்காகவே ஒரு முறை வரலாம்.

அத்திவரதரை எல்லோருக்கும் தெரியும். 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை நாடே திரண்டு வந்தது. 1979க்குப் பிறகு அப்போதுதான் வெளியே வந்தார், இனி 2059இல்தான். தரிசித்தவர்கள் பெரும்பாலும் அவர் முகத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போனார்கள். அவர் வாசம் செய்கிற வரதர் கோயில் அனந்தசரஸ் குளத்தை நின்று பார்க்கக் கூட்டத்தில் யாருக்கும் நேரமில்லை. இப்போது சாதாரண நாளில், மாலை நேரத்தில் வந்து அந்தப் படிக்கட்டில் உட்காருங்கள். நாலுகால் மண்டபத்தடியில், தண்ணீருக்குள் அவர் படுத்திருக்கிறார் என்ற நினைப்போடு பார்க்கும்போது, அந்தக் குளம் கர்ப்பக்கிருகத்துக்குச் சமமாகிவிடுகிறது.

இத்தனை குளங்களைப் போற்றுகிற ஊர் ஆற்றை மட்டும் ஏன் கைவிட்டது என்பதுதான் எனக்கு ஆறாத மனக்குறை. குளத்துக்குச் சுவர் உண்டு, சுவாமி உண்டு, தெப்பம் உண்டு, கேட்பதற்கு ஆள் உண்டு. வேகவதிக்கு அப்படி யாரும் இல்லை. கரையில் குடியிருந்தவர்களுக்குக் கீழ்க்கதிர்ப்பூரில் அடுக்குமாடி வீடுகள் கட்டினார்கள். ஏழைகளை அகற்றினால் மட்டும் ஆறு பிழைத்துவிடாது. நகரத்துக் கழிவுநீர் அதில் இறங்குகிற வரை மழைவெள்ளம் அடித்துக்கொண்டு போன நாலு வாரம்தான் அதற்கு வாழ்வு. அந்த நாலு வாரத்தில் கரையில் நிற்கிற கூட்டத்தைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்த ஊருக்கு அந்த ஆறு வேண்டும். கரையை மேடாக்கி, முள்ளை வெட்டி, உட்கார நாலு படி கட்டினால் சாயங்காலம் தவறாமல் வந்து உட்கார ஜனம் இருக்கிறது.

வரதர் மட்டும் இன்னும் ஆற்றை மறக்கவில்லை. சித்ரா பௌர்ணமியன்று செவிலிமேடு வழியாகப் பாலாற்றைத் தாண்டி ஐயங்கார்குளத்துக்கு எழுந்தருளுவார். அங்கே நடவாவி என்று ஒரு கிணறு. கிணறு என்றால் எட்டிப் பார்க்கிற கிணறு இல்லை. தரைக்கடியில் படியிறங்கிப் போனால் தூண்கள் சூழ்ந்த கல்மண்டபம், அதற்கு நடுவே கிணறு. மற்ற நாட்களில் மண்டபம் தண்ணீருக்குள் கிடக்கும். விழாவுக்காக நீரை இறைத்த பிறகு, பெருமாள் தீவட்டி வெளிச்சத்தில் உள்ளே இறங்கிக் கிணற்றை வலம் வருவார். பிறகு பாலாற்று மணலில் ஊறல் உற்சவம். சித்திரை வெயிலில் ஆறு வறண்டு கிடக்கும். மணலைத் தோண்டினால் ஊற்றுக் கசியும். அந்த ஊறலில்தான் திருமஞ்சனம்.

ஒரு நாளில் வந்து போகிற பயணத்தில் இவை எதுவும் அகப்படாது. கார்த்திகையிலோ சித்திரையிலோ இரண்டு ராத்திரி தங்குகிற மாதிரி வாருங்கள். முதல் நாள் விடியலில் பிள்ளையார்பாளையம், பிறகு ஆற்றைத் தாண்டி எங்கள் ஊர், மாலையில் அனந்தசரஸ். சித்ரா பௌர்ணமிக்கு வருகிறவர்கள் நடவாவிக்குப் பொழுது சாயும் முன்பே போய்விடுங்கள். சுவாமி வந்துவிட்டால் அந்தக் கூட்டத்தில் படி இறங்க முடியாது.