பூச்சோங் சாலையில் தொடங்கிய ஜெபம்

‘மாரநாதா’ என்ற ஒற்றைச் சொல்லை மனத்துக்குள் சொல்லியபடி அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருப்பதுதான் ஜோகூர் பாருவில் எங்கள் தியானக் குழு செய்வது. நான் சேர்ந்த புதிதில் சித்தப்பா மறைக்காமல் கேட்டார்: “மாதா கோவிலுக்குப் போறவனுக்கு மந்திரம் எதுக்குடா?” குழுவில் மூத்தவரிடம் விசாரித்தேன். பழங்கால எகிப்துப் பாலைவனத் துறவிகளின் வழி இது, ஜான் காசியான் என்ற துறவி எழுதியே வைத்திருக்கிறார் என்றார்.

காசியான் எழுதிய உரையாடல்களில் பத்தாவதில், ஒரே சங்கீத வசனத்தை ஓயாமல் சொல்லச் சொல்கிறார் ஐசக் என்ற துறவி. மூத்தவர் சொன்னதில் பொய்யில்லை. ஆனால் எங்களை இப்படி உட்கார வைத்தது காசியான் அல்ல, ஜான் மெயின் என்ற பெனடிக்டின் துறவி. 1976-இல் அமெரிக்காவின் கெத்சமனி மடத்தில் அவர் ஆற்றிய உரைகளைத் தேடிப் படித்தபோதுதான் விஷயம் நம் ஊர்ப்பக்கமே திரும்பியது.

துறவியாவதற்கு முன், 1950-களின் நடுவில், மெயின் மலாயாவில் பிரிட்டிஷ் அரசு ஊழியர். அலுவல் நிமித்தம் கோலாலம்பூர் பூச்சோங் சாலையில் இருந்த சுவாமி சத்யானந்தாவைப் பார்க்கப் போனார். சுத்த சமாஜத்தை நிறுவியவர் அவர். வந்த வேலை முடிந்ததும் பேச்சு ஜெபத்துக்குத் தாவியது. எனக்கும் கற்றுத் தருவீர்களா என்று கேட்டார் வெள்ளைக்காரர். சுவாமி அவரை மதம் மாறச் சொல்லவில்லை. ராம நாமமோ சிவ நாமமோ கொடுக்கவுமில்லை. உங்கள் கிறிஸ்தவ மரபிலிருந்தே ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள், காலையும் மாலையும் அரை மணி நேரம் உட்காருங்கள் என்றார். மெயின் வாராவாரம் போனார். இதைச் சொன்னபோது சித்தப்பா கொஞ்சம் இறங்கி வந்தார். “பெரிய மனுஷன்தான்” என்றார், சுவாமியை.

மெயின் 1959-இல் லண்டன் ஈலிங் மடத்தில் சேர்ந்தார். இது கிறிஸ்தவ முறை இல்லை, விட்டுவிடு என்றார் நவசந்நியாசிகளின் குரு. கீழ்ப்படிந்து விட்டுவிட்டார். சுமார் பத்து ஆண்டுகளுக்குப் பிறகுதான் காசியானிடம் அதே வழியைக் கண்டார். இந்த வரிசையைத்தான் குழுக்களில் பலரும் தலைகீழாகச் சொல்கிறார்கள். முதலில் சுவாமி, பிறகே காசியான். பூச்சோங் சாலையில் பழகியிராவிட்டால் அந்தப் பழைய ஏட்டில் மெயினுக்கு என்ன தட்டுப்பட்டிருக்குமோ! மெயின் இந்தக் கடனை ஒளிக்கவில்லை. ஒளிக்கப் பார்ப்பது நாம்தான்.

லார்கினில் பேருந்து ஏறி, சமாஜத்தையும் போய்ப் பார்த்தேன். ஆதரவற்ற பிள்ளைகளுக்கான இல்லம், எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவான வழிபாட்டு இடம். மெயினைத் தேடிப் போனவன் சத்யானந்தாவைக் கண்டுகொண்டு திரும்பினேன். 1961-இலேயே அவர் மறைந்துவிட்டார். மெயின் ஈலிங்கில் முதல் தியான மையத்தைத் தொடங்கியது 1975-இல். தான் சொல்லிக் கொடுத்தது எங்கெல்லாம் போய்ச் சேர்ந்தது என்று சுவாமிக்குத் தெரிய வாய்ப்பே இல்லை.

இந்தக் கதையின் இன்னொரு கிளை தமிழ்நாட்டுக்குப் போகிறது. மெயின் இறந்து ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1991-இல், இந்தக் குழுக்கள் உலக அமைப்பாகத் திரண்ட கருத்தரங்கு அமெரிக்காவில் நடந்தது. அதை நடத்தியவர் பீட் கிரிஃபித்ஸ். குளித்தலை அருகே, காவிரிக் கரையிலிருக்கும் சாந்திவனத்தில் காவி உடுத்தி வாழ்ந்த ஆங்கிலேயப் பாதிரியார்.